பிள்ளைக்கு உருக்கெண்ணெய்

நவம்பர் 9, ஞாயிறு

டைரி எழுதுவது எனக்கு ஆகாத வேலை. அஜிதாதான் எழுதச் சொல்கிறாள். பிள்ளை வருவதற்கு முந்தைய நாட்களை யாராவது எழுதி வைக்க வேண்டுமாம், பின்னால் வாசித்துச் சிரிக்கலாமாம். "நீயே எழுதேன்" என்றேன். "நான் பிள்ளைய சுமக்கேன். நீங்க பேனாவையாவது சுமங்க" என்றாள். இதோ சுமக்கிறேன்.

நான் தாணுலிங்கம். சொந்த ஊர் நாகர்கோவில், பிழைப்பு கோயம்புத்தூரில். கணபதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறேன். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் உயிர் பிழைத்து வருகிறேன் என்றும் சொல்லலாம். அஜிதாவுக்கு மார்கழியில் பிரசவம். கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இனி யாரிடமும் கேட்பதில்லை என்று நாங்களே விட்டுவிட்ட பிறகு வந்த பிள்ளை. மாடிப்படி இறங்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் சமையல், கடை, துணி எல்லாம் இப்போது என் ராஜ்யம்.

இன்று பேச்சு எண்ணெயைப் பற்றி. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் உடம்புக்கு உருக்கெண்ணெய்தான். தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டி, தண்ணீரெல்லாம் வற்றியதும் தெளிந்து வருகிற எண்ணெய். பெண்ணைப் பெற்ற அம்மா காய்ச்சிக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். என் மாமியார் போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அஜிதா "அம்மை இருந்தா..." என்று தொடங்கி, அப்படியே நிறுத்திவிட்டாள்.

"எண்ணெய் என் பொறுப்பு" என்றேன்.

"நல்லதா பாத்து வாங்குவியளா?"

"என்ன கேள்வி இது? என் மூக்கு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அந்த மூக்காலதானே நான் இங்க வந்து கெடக்கேன்" என்று சிரித்தாள். அப்பாடா, சிரித்தாளே.

நவம்பர் 12, புதன்

உருக்கெண்ணெயை இந்த ஊரில் 'வெர்ஜின் தேங்காய் எண்ணெய்' என்கிறார்கள். பாட்டிலைப் பார்த்தால் சென்ட் பாட்டில் மாதிரி இருக்கிறது. காந்திபுரத்தில் ஓர் இயற்கை அங்காடி. கல்லாவில் பூங்கொடி என்று ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும்.

"காய்ஞ்ச கொப்பரையில ஆட்டறதில்லைங்க. பச்சைத் தேங்காப்பால்ல எடுக்கறது. பொறந்த கொழந்தைக்கு இதைத்தானுங்க எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீரை முகர்ந்த மாதிரி.

"வாசமே இல்லையேம்மா!"

"ஏனுங்க, தொறந்ததும் இங்க வரைக்கும் அடிக்குதுங்களே!"

விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? "உருக்கெண்ணெய் என்றால் பக்கத்துத் தெருவுக்கு மணக்கணும். இது ஏதோ ஆலையில் வாசத்தை எடுத்துவிட்டு அடைத்தது. பச்சைப் பிள்ளைக்குப் போடுகிற எண்ணெயில் விளையாடாதீங்க" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. சுண்டட்டும்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் பால் தீய்ந்துவிட்டது. அடுப்பு சரியில்லை. ஆள் கூப்பிட வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

லீவு. அஜிதாவுக்குத் தலை பின்னிவிட்டேன். கோணலாகத்தான் வந்தது. பின்னும்போது அவளைப் பெண் பார்க்கப் போன நாள் ஞாபகம் வந்துவிட்டது.

தக்கலையில் அவர்கள் வீடு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. அஜிதா காபி கொண்டுவந்து என் முன்னால் குனிந்தாள். முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஈரக் கூந்தலிலிருந்து ஒரு வாசம் வந்தது பாருங்கள், இளந்தேங்காயும் லேசாகச் சர்க்கரை வறுத்த மணமும் கலந்து. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. "பொண்ணுட்ட ஏதாவது கேளு தம்பி" என்றார் அவள் மாமா. நான், எந்தக் கிறுக்கு பிடித்ததோ, "தலைக்கு என்ன எண்ணெய் தேய்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

என் அப்பா தொண்டையைச் செருமினார். என் அக்கா ஈஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போது அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து என் வருங்கால மாமியாரின் குரல்: "நான் காய்ச்சுன எண்ணெயாக்கும் மக்களே! ஒனக்கும் ஒரு குப்பி தாறேன்!"

வீடே சிரித்தது. அஜிதாவும் சிரித்தாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். போகும்போது கையில் ஒரு குப்பியோடுதான் போனேன். ஊர் போய்ச் சேரும் வரை அதைத் திறந்து திறந்து முகர்ந்ததில் அக்கா பேருந்தில் வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள்.

இன்றைக்கும் பின்னும்போது குனிந்து முகர்ந்தேன். இங்கத்துத் தண்ணீர் சரியில்லை. எந்த மணத்தையும் நிற்க விடுவதில்லை.

நவம்பர் 20, வியாழன்

இன்று பெரிய அவமானம். ஒரு ஐடி கம்பெனிப் பையன் கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே சாயிபாபா காலனி மேடு ஏறியிருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பார்க்கிங் பற்றி உபதேசம் செய்துகொண்டிருக்கிறேன். சாலையில் போகிறவர்கள் கை காட்டிய பிறகுதான் பானட்டிலிருந்து வந்த புகையைப் பார்த்தேன். கிளட்ச் பிளேட் போய்விட்டது.

எங்கள் முதலாளி பொங்கியண்ணன் கத்தாத ஆள். இன்று கத்தினார். "ஏப்பா தாணு, கிளட்ச் கருகுனா நாலு வண்டி தள்ளி நிக்கறவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியலையா? மூக்கு இருக்குதா, ஊருல வெச்சுட்டு வந்துட்டியா?"

"லேசா சளிங்க" என்றேன்.

தீபாவளிக்குப் பிறகு வந்த காய்ச்சலோடு வந்த சளி. அந்தக் காய்ச்சல் போய் வாரக் கணக்காகிறது. சளியும் போய்விட்டது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சரி, தூசி. இந்த ஊரில் பாலம் கட்டுகிறேன் என்று எல்லாச் சாலையையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஆன்லைனில் வரவழைத்த எண்ணெய்க்கும் வாசம் இல்லை. பார்சலை வண்டி நிறுத்தத்திலேயே பிரித்து, முகர்ந்து, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். அஜிதாவுக்கு வாங்கிய மல்லிகைக்கும் வாசம் இல்லை. அவளோ மூக்கருகே வைத்துக்கொண்டு "என்னா மணம்!" என்கிறாள். கர்ப்பிணிகளுக்கு எல்லாமே கூடுதலாகத் தெரியுமாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

எதற்குப் பயம் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஈஸ்வரி அக்கா முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வடசேரியில் எங்கள் வீடு. காலையில் பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துவட்டி, என் மடியில் கிடத்திவிட்டு அக்கா குளிக்கப் போவாள். நான் அவன் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எண்ணெயும் பாலும் சாம்பிராணியும் கலந்து அந்த இளஞ்சூட்டோடு ஏறி வரும். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன். அப்போதே முடிவு பண்ணினேன், எனக்கொரு பிள்ளை பிறந்தால் தினமும் இப்படி உட்கார்ந்திருப்பேன் என்று.

பிள்ளை இல்லாமல் இருந்த இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர்கள் வீட்டுத் தொட்டில் விசேஷத்துக்குப் போனால் பந்தியோடு எழுந்து வந்துவிடுவேன். "தாணுவுக்குப் பிள்ளைங்களே ஆகாது போல" என்பார்கள். அந்த வாசம்தான் எனக்கு ஆகாது. தாங்காது. இப்போது என் பிள்ளை வரப் போகிறது. நான் முகர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நவம்பர் 29, சனி

ஒருவழியாக எண்ணெய் வாங்கினேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். விஷயம் அதோடு முடியவில்லை.

உக்கடத்தில் தள்ளுவண்டியில் குப்பி குப்பியாக வைத்திருந்தான் ஒருவன். "நேத்துக் காய்ச்சுனது சார், நம்ம வீட்டுலயே" என்றான். வாசம் இதிலும் இல்லைதான். ஆனால் ஆள் நல்ல ஆளாகத் தெரிந்தான், சாமி படமெல்லாம் வைத்திருந்தான். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து, "இந்தா, உங்க அம்மா காய்ச்சினது தோத்துடும்" என்று அஜிதா கையில் கொடுத்தேன்.

மூடியைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போய்விட்டாள்.

"என்னது இது? காறிப்போய் நாறுகு! நிறத்தைப் பாருங்க, மஞ்சள் அடிச்சிருக்கு. இதையா பிள்ளைக்குத் தேய்க்கச் சொல்லுதிய?"

"காறலா? எனக்கு நல்லாத்தானே மணந்துச்சு?"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். திரும்பி வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள்.

"என்ன விளையாட்டு இது?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினேன். மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தாள் என்பது தெரிந்தது. இழுத்தேன். மறுபடி இழுத்தேன். காற்றுதான் வந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே. சாயங்காலம் வாங்கி வந்த பூ ஞாபகம் வந்தது.

"மல்லிகைதானே?"

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் இருந்தது பெருங்காய டப்பா.

"எப்பம் இருந்து?" என்று கேட்டாள்.

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன் என்றேன். பிள்ளை தலை, அக்கா மகன், பரீட்சைப் புத்தகம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது பச்சைப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். அஜிதா என் தலையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே இருப்பது என் கன்னத்தில் ஒரு உதை விட்டது.

"பாருங்க, அதுக்கே கோவம் வருகு" என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. காறல் எண்ணெயை வாசல் கேட் கீலுக்கு விட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். மூக்குக்குள் விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, அடைப்பு ஒன்றுமில்லை, காய்ச்சல் உள்ளே வாசனை நரம்பைக் கெடுத்திருக்கிறது என்றார். "திரும்பி வருமா டாக்டர்?" "சிலருக்கு வரும். சிலருக்கு வர்றதில்ல. இப்பவே சொல்ல முடியாது." கிராம்பு, எலுமிச்சை, ஏலக்காய், யூக்கலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பழக வேண்டுமாம்.

"எனக்கு மார்கழிக்குள்ள வேணும்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

அஜிதா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனி எண்ணெய்க்கு மூக்கு அவள், கண்ணும் காலும் நான். அவள் கடைக்கு வர முடியாது. அதனால் சின்னச் சின்னப் பாட்டிலாக வாங்கி வந்து அவள் முன்னால் வைக்க வேண்டும். நான் பார்க்க வேண்டியதைப் பாடம் மாதிரிச் சொன்னாள். தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கணும். மஞ்சள் தட்டினால் தொடவே வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலாக, என்றைக்கு எடுத்தது என்று போட்டிருக்கணும். அடியில் கலங்கலாக ஒன்றும் நிற்கக் கூடாது, நின்றால் ஈரம் இருக்கிறது, சீக்கிரம் கெடும். காலைக் குளிரில் தும்பைப்பூ வெள்ளையாக உறையணும், உள்ளங்கையில் வைத்ததும் உருகணும்.

"இவ்வளவும் உனக்குத் தெரியும்னா என்னை ஏன் தனியா அலையவிட்டே?"

"மூக்கு, மூக்குன்னு குதிச்சது யாரு?"

நேற்று மூன்று பாட்டில் வாங்கி, ராத்திரி ஜன்னலோரம் வைத்து, இன்று காலை பார்த்தோம். மூன்றும் உறைந்திருந்தன. ஒன்று பழுப்பேறிய வெள்ளை, தள்ளுபடி. இரண்டை அவள் முகர்ந்தாள். ஒன்றை வைத்துவிட்டாள். "மணம் கூடிப்போச்சு. இது தேங்காய் மணமில்ல, மிட்டாய் மணம். எசென்ஸ் விட்டிருக்கான்." கடைசியை முகர்ந்தவள் கண்ணை மூடியபடியே இருந்தாள். கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். முழங்கையில் தேய்த்தாள், பிசுபிசுப்பில்லாமல் உள்ளே போயிற்று.

"இதுதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எங்க அடுக்களையில நிக்கது போல இருக்கு."

அது பூங்கொடி கடைப் பாட்டில். நான் நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு வந்த அதே எண்ணெய். கடையில் வேறு ஆள் இருந்த நேரம் பார்த்துப் பதுங்கிப் போய் வாங்கி வந்திருந்தேன்.

"நாளைக்குப் போய் அந்தம்மாட்ட மன்னிப்புக் கேளுங்க."

"கட்டாயமா?"

"பிள்ளைக்குத் தேய்க்குத எண்ணெயாக்கும். ஒருத்தி மனசு நொந்து இருக்கக் கூடாது."

டிசம்பர் 8, திங்கள்

கேட்டேன். மூக்கு விஷயத்தையும் சொன்னேன். பூங்கொடி, "அட, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே முகந்து சொல்லியிருப்பேனுங்களே!" என்று சொல்லி, ஒரு பெரிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "பிரசவம் நல்லபடியா முடியட்டுங்க. கொழந்தையைத் தூக்கிட்டு வாங்க."

டிசம்பர் 19, வெள்ளி

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ஏலக்காய்: இல்லை. தைலம் கண்ணை எரிக்கிறது, அது வாசனையில் சேராது என்கிறார் டாக்டர்.

டிசம்பர் 27, சனி

பெண் பிள்ளை. அஜிதா நன்றாக இருக்கிறாள். எனக்கு வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் டீ போடுகிறேன், துணி துவைக்கிறேன், பிள்ளையைத் தூக்குகிறேன். நெஞ்சோடுதான் தூக்குகிறேன். முகத்தருகே கொண்டுபோகவில்லை. முகர்ந்து பார்த்து ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வேன்? அஜிதா கவனித்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

டாக்டரம்மா எண்ணெய் தேய்க்கலாம் என்று சொல்லிவிட்டார். இன்றைக்குத்தான் முதல் எண்ணெய்க் குளியல்.

குளிரில் எண்ணெய் உறைந்திருந்தது. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கினேன். அஜிதா காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் கிடத்தினாள். அவளுடைய அம்மா செய்திருக்க வேண்டிய வேலை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தேய்க்கத் தேய்க்க என் மகள் கொட்டாவி விட்டாள். தண்ணீர் ஊற்றியதும் ஊரைக் கூட்டினாள். துவட்டி, துணியில் சுற்றி, அஜிதா அவளை என் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு முகந்து பாருங்க."

"வேண்டாம் அஜி."

"வரலன்னா வரலன்னு சொல்லுங்க. என்ன மணக்குன்னு நான் சொல்லுதேன், தினமும் சொல்லுதேன். அதுக்காவ பிள்ளைய இப்படித் தள்ளித் தள்ளிப் பிடிக்காதீங்க. அவ என்ன பாவம் செய்தா?"

குனிந்தேன். உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். எத்தனை வருஷம் காத்திருந்த இடம். மெத்தென்று, இளஞ்சூடாக, துடித்துக்கொண்டு இருந்தது. இழுத்தேன். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை நன்றாக இழுத்தேன்.

எதுவோ ஒன்று ஏறியது.

"வருது" என்றேன்.

"வருகா? நெசமாவா? என்ன வருகு?"

மறுபடியும் முகர்ந்தேன். சந்தேகமே இல்லை.

"கருகின வெங்காயம்."

அஜிதாவின் முகம் விழுந்துவிட்டது. பிள்ளையை வாங்கி முகர்ந்தாள். "பூ மாதிரி மணக்காளே! எம் பிள்ளையா ஒங்களுக்கு வெங்காயம் தீஞ்சது போல மணக்கா?" என்று அழப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. "கொண்டா இங்கே, கொண்டா" என்று பிள்ளையைப் பறித்துக்கொண்டேன்.

மத்தியானம் மூக்கு டாக்டருக்குப் போன் போட்டேன். செத்த நரம்பு முளைக்கும்போது சிலருக்கு இப்படித்தான் தப்பும் தவறுமாக வருமாம். நாளாக நாளாகச் சரியாகலாம், இப்படியே நின்றுவிட்டாலும் நின்றுவிடலாம் என்றார். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கொழந்தைகிட்ட கொஞ்ச நாள் மூக்கைக் கொண்டுபோகாதீங்க" என்றார். நல்ல டாக்டர்தான். ஆனால் விவரம் பத்தாது.

சாயங்காலம் மகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உச்சியில் முகர்ந்தேன். கழுத்து மடிப்பில் முகர்ந்தேன். உள்ளங்கையை விரித்து முகர்ந்தேன். எல்லா இடத்திலும் கருகின வெங்காயம்தான். விளக்கேற்றி முடித்து அஜிதா வந்து பிடுங்கும் வரை நான் அவளைக் கொடுக்கவில்லை.